பெயர் சொல்லாத இருபது நிமிடம்

"நாலு மணிக்கு வர்றதா சொன்னவர் நீங்கதானே?"

குடையை மடக்க முடியாமல் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த வளவன் நிமிர்ந்து பார்த்தான். பார்த்தவன் குடையை மறந்தான். அது பாதி மடங்கி, மீதி விரிந்து, அவன் செருப்பு மேலேயே சொட்டிக்கொண்டிருந்தது.

மை தீட்டாத கண்கள்தான். ஆனால் வாய் திறக்கும் முன்பே பாதியைச் சொல்லிவிடுகிற கண்கள்... மீதியை நீயே கண்டுபிடி என்று சிரிக்கிற கண்கள்...

"ஆமாங்க... நான்தான்."

"அக்கா எல்லாம் சொல்லியிருப்பாங்களே?"

"சொன்னாங்க, சொன்னாங்க. ஜன்னலோர டேபிள், நாலு மணின்னு."

"உட்காருங்க. குடை இருந்தும் இப்படி நனைஞ்சிருக்கீங்களே..."

"மழை மேலேருந்து வந்தா குடை போதுங்க. இது பக்கவாட்டுல வருது."

அவள் சிரித்தாள். வெளியே ராஜகோபுரம் மொத்தமும் தண்ணீர் வடிய நின்றுகொண்டிருந்தது. கீழே பூக்கடைக்காரர்கள் கூடைகளின் மேல் பிளாஸ்டிக் தாளை இழுத்து மூடிக்கொண்டிருந்தார்கள். அந்த மாடிக் காபிக்கடையில் இவர்களைத் தவிர, ஐப்பசி மழைக்கு ஒதுங்கிய நாலைந்து பேர்தான்.

இந்த இடத்தில் உங்களிடம் ஓர் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த இரண்டு பேருக்கும் தெரியவில்லை, நமக்காவது தெரியட்டும்.

அவள் பெயர் ஆனந்தவள்ளி. திருவானைக்காவல்காரி. வயது இருபத்தொன்பது. திருச்சியில் ஒரு கல்லூரியில் ஜப்பானிய மொழி விரிவுரையாளர், மொழியியலில் முனைவர் பட்டம் வேறு. ஒருவர் பேசும்போது எதிரில் இருப்பவர் எப்படிக் கேட்கிறார் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. ஜப்பானில் யாராவது பேசினால் எதிராளி தலையாட்டியபடி, விடாமல் ஒரு சின்ன ஒலி கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நம் ஊரில் கதை கேட்கிறவர் உம் கொட்டுகிறாரே, அதே சங்கதிதான். யார் எங்கே உம் கொட்டுகிறார்கள், எத்தனை தடவை, எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறார்கள் என்று இரண்டு மொழிகளையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். கியோட்டோவில் மாநாடு. கட்டுரை அனுப்ப அடுத்த வெள்ளிதான் கடைசி நாள். முன்பின் தெரியாத இருவர் பேசுகிற ஒலிப்பதிவு பன்னிரண்டு வேண்டும். பதினொன்று கையில் இருந்தது. பன்னிரண்டாவதற்குத் தன் தம்பி ரகுராமை அனுப்புவதாகத் தோழி ரஞ்சனி வாக்குக் கொடுத்திருந்தாள். அவனோடு பேச வேண்டிய மாணவிக்குத் திடீரென்று காய்ச்சல். சரி, நாமே பேசிவிடலாம் என்று ஆனந்தவள்ளி வந்து உட்கார்ந்திருந்தாள்.

ஆனால் எதிரில் இருந்தவன் ரகுராம் இல்லை!

லால்குடி வளவன், வயது முப்பத்தொன்று, பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை. அவன் வந்தது பெண் பார்க்க. 'கூட்டமா போயி உட்கார்றதெல்லாம் அப்புறம்டா. முதல்ல நீங்க ரெண்டு பேரும் ஒரு காபி சாப்பிட்டுப் பேசுங்க' என்று அவனுடைய அக்கா ராசாத்தி செய்திருந்த ஏற்பாடு. பெண்ணின் பெயர் கனிஷ்கா, காலேஜில் வேலை. அதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தெரியாது. அக்கா போட்டோவை நீட்டியபோது, 'ஆளை நேர்ல பார்த்துக்கறேன், படத்தைப் பார்த்து முடிவு பண்ண நான் என்ன சட்டையா வாங்கறேன்?' என்று ரோஷமாகத் திருப்பிக் கொடுத்தவன் அவன்.

ரோஷக்காரர்களுக்கு இப்படித்தான் ஆகும்.

"முதல்லயே சொல்லிடறேன்..." ஆனந்தவள்ளி தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை எடுத்து மேஜை நடுவில் வைத்தாள். "இது ரெக்கார்டர். நாம பேசறது பதிவாகும். பிடிக்கலைன்னா இப்பவே சொல்லிடுங்க, ஒண்ணும் தப்பில்ல."

வளவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ரெக்கார்டரா? வீட்டில் அம்மாவுக்குப் போட்டுக் காட்டவா? இல்லை, நாளைக்கு மாப்பிள்ளை பேச்சு மாறினால் சாட்சிக்கா? இந்தக் காலத்துப் பெண்கள் உஷார்தான்...

"பரவாயில்லங்க. ஆன் பண்ணுங்க."

"ரெண்டாவது, பேர் சொல்லக் கூடாது. உங்க பேரும் வேண்டாம், என் பேரும் வேண்டாம். ஊரு, சாதி, சம்பளம், வேலை பாக்கற இடம்... ஆளை அடையாளம் காட்டற எதுவுமே வேண்டாம்."

அவனுக்கு எழுந்து நின்று கும்பிட வேண்டும் போல இருந்தது. இதுவரை நான்கு இடம் பார்த்தாகிவிட்டது. நான்கிலும் முதல் கேள்வி கையில் எவ்வளவு வரும், இரண்டாவது கேள்வி குவார்ட்டர்ஸ் கிடைக்குமா. அதற்குப் பிறகு கேள்வியே கிடையாது.

"மூணாவது... பத்து நிமிஷம் ஒருத்தர் பேசணும், இன்னொருத்தர் கேட்கணும். அப்புறம் மாத்திக்கலாம். உங்க வாழ்க்கையில முக்கியமான விஷயம் ஏதாவது சொல்லுங்க. நடிக்காம, இயல்பா."

"இது... நீங்களே யோசிச்ச முறைங்களா?"

"ஐயோ, இல்ல. உலகம் பூரா இப்படித்தான் பண்றாங்க."

"எங்க பக்கம் இன்னும் வந்து சேரலங்க" என்றான் வளவன், உண்மையான வருத்தத்தோடு.

அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. தம்பி இவ்வளவு வேடிக்கையாகப் பேசுவான் என்று ரஞ்சனி சொல்லவே இல்லையே...

"சரி, நான் முதல்ல ஆரம்பிக்கறேன். நான் ஜப்பானீஸ் சொல்லிக் கொடுக்கறேன். ஆசைப்பட்டுப் படிச்சேன்னு நினைக்காதீங்க. பிரெஞ்சு கிளாஸ்ல இடமில்ல, ஜெர்மன்லயும் இடமில்ல. அன்னிக்கும் இதே மாதிரி மழை. வராண்டா கடைசியில ஒரு கிளாஸ்ல நாலே பேர் உட்கார்ந்திருந்தாங்க. நனையாம ஒதுங்கத்தான் உள்ள போனேன்..."

"ம்..."

"எழுத்து மட்டும் ரெண்டாயிரத்துக்கு மேலன்னு அட்மிஷன் போட்டதுக்கு அப்புறம்தான் சொன்னாங்க."

"அடப்பாவமே..."

"எங்கப்பா கேட்டாரு, ஏம்மா, இந்தப் பாஷையை நம்ம தெருவுல யாருகிட்டம்மா பேசப்போறன்னு. நியாயமான கேள்விதானே? பரீட்சையில ரெண்டு தடவை ஃபெயில். ரெண்டாவது தடவை வீட்ல சொல்லவே இல்ல. பாஸுன்னு சொல்லி தெரு பூரா ஸ்வீட் கொடுத்துட்டேன்."

இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிக்க வைக்கத்தான் சொல்வாள். வளவன் சிரிக்கவில்லை.

"அந்த ஸ்வீட்டை நீங்களும் சாப்பிட வேண்டியிருந்திருக்குமே" என்றான் மெதுவாக.

ஆனந்தவள்ளி அவனை நிமிர்ந்து பார்த்தாள். ஆமாம்... சாப்பிட்டாள். தொண்டையில் இறங்கவே இல்லை. பத்து வருடத்தில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை.

பிறகு அவள் மளமளவென்று பேசினாள். மூன்றாவது தடவை தேறியதை, உதவித்தொகையில் ஹிரோஷிமா போனதை. அங்கே வீட்டுக்கார அம்மாள் போனில் பேசியபோது, பெரியவர்கள் பேசுகையில் குறுக்கே சத்தம் போடக்கூடாது என்று மரியாதையாக வாயை மூடிக் கேட்டதை. அந்த அம்மாள் லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து மூன்று முறை போனை வைத்துவிட்டதை. 'கேட்கிறேன் என்பதை எதிராளிக்குத் தெரிவிப்பதும் பேச்சில் பாதி' என்று அன்றைக்குப் புரிந்து, அதையே ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டதை. திரும்பி வந்து எடுத்த முதல் வகுப்பில் பதினொரு பேர் சேர்ந்து, எழுத்தைப் பார்த்ததும் ஏழு பேர் ஓடிப்போனதை... இப்போது அறுபது பேர் படிப்பதை...

அவன் கேட்டான். அப்படிக் கேட்டான்! எங்கே ஒரு 'ம்' வேண்டுமோ அங்கே மட்டும் ஒரு 'ம்'. எங்கே மௌனம் வேண்டுமோ அங்கே கண்ணை எடுக்காத மௌனம். காபி ஆறி ஆடை படிந்தது, இரண்டு பேருமே கவனிக்கவில்லை. ஆராய்ச்சிக்காரி ஆராய்ச்சியை எப்போதோ மறந்துவிட்டாள்.

"இப்ப... உங்க முறை" என்றாள். குரல் ஏனோ குழைந்தது.

வளவன் டம்ளரைச் சுற்றிச் சுற்றி வைத்தான்.

"எங்கப்பா வேலையில இருக்கும்போதே தவறிட்டாருங்க. எனக்குப் பத்தொன்பது வயசு. அவரோட வேலையை எனக்குக் கொடுத்தாங்க. காலேஜை விட்டுட்டுச் சேர்ந்தேன். வீடு நிமிர்ந்துச்சு, அக்கா கல்யாணம் ஆச்சு. எல்லாரும் கொடுத்து வச்சவன்னு சொன்னாங்க. ஆனா எனக்கு... ஒவ்வொரு சம்பளத் தேதியிலயும், அப்பா செத்ததுக்குத்தான் இது வருதுன்னு ஒரு நினைப்பு. பன்னெண்டு வருஷமா."

கண்கள் கலங்கின. அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டான்.

"அதுக்காகவே சாயங்காலத்துல டிப்ளமோ படிச்சேன். போன வருஷம் டிபார்ட்மென்ட் பரீட்சை எழுதி ஜூனியர் இன்ஜினியர் ஆனேன். இது நானே வாங்கினது. ரிசல்ட் வந்த அன்னிக்கு அப்பா நின்னு வேலை பார்த்த இடத்துல போயி கொஞ்ச நேரம் நின்னேன்... அங்க ஏன் அழுதேன்னு யாருகிட்டயும் சொல்லல. அம்மாகிட்டகூட. இப்ப உங்ககிட்ட சொல்லிட்டேன்."

அவன் திரும்பி நேராக அவளைப் பார்த்தான். வெளியே மழை கொஞ்சம் தணிந்திருந்தது.

"சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாதுங்க. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. வீட்ல பேசச் சொல்லட்டுமா?"

என்ன?

என்ன சொன்னான்?

ஆனந்தவள்ளி வாயைத் திறந்தாள், மூடினாள். நெஞ்சுக்குள் என்னவோ துள்ளி எழுந்தது. மூளை மட்டும் 'ரஞ்சனியின் தம்பிக்கு என்ன ஆயிற்று?' என்று கூவியது. அவள் ஏதாவது சொல்வதற்குள், படியில் தடதடவென்று ஒருவன் ஏறி வந்தான். தலையிலிருந்து தண்ணீர் வழிய மேஜைக்கு அருகில் வந்து நின்றான்.

"ஸாரி மேடம்! ரகுராம், ரஞ்சனி அக்கா தம்பி. காவேரிப் பாலத்துல செம டிராஃபிக். ஜப்பான் ரெக்கார்டிங்குக்கு... ஓ, ஏற்கெனவே ஒருத்தரைப் பதிவு பண்ணிட்டிருக்கீங்களா?"

அவள் ரகுராமைப் பார்த்தாள். வளவனைப் பார்த்தாள். ரெக்கார்டரின் சிவப்புப் புள்ளியைப் பார்த்தாள்.

"அப்ப... நீங்க யாரு? எதுக்கு வந்தீங்க?"

"பொண்ணு பார்க்கங்க..." என்றான் வளவன்.

சிரித்துவிட்டாள். தன்னுடைய அசட்டுத்தனத்தை நினைத்து, ஆள் யார் என்று கேட்காமலே விதிமுறைகளை அடுக்கிய தன் புத்திசாலித்தனத்தை நினைத்து, அடக்க அடக்கப் பொங்கிக்கொண்டு வந்தது சிரிப்பு. ரகுராமும் விஷயம் புரிந்து கூடச் சேர்ந்து சிரித்தான்.

வளவன் சிரிக்கவில்லை. அவன் முகம் ரத்தமில்லாமல் வெளுத்தது.

"இதைக் கிளாஸ்ல போட்டுக் காட்டுவீங்களா?" என்றான்.

"ஐயோ, இல்லைங்க! நான் சிரிச்சது..."

"அழிச்சிடுங்க. தயவுசெஞ்சு அழிச்சிடுங்க."

"ஒரு நிமிஷம் கேளுங்க..."

நிற்கவில்லை. குடையைக்கூட விரிக்காமல் மழையில் இறங்கிப் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்ததும் ரஞ்சனியிடமிருந்து போன். தம்பி எல்லாவற்றையும் ஒலிபரப்பிவிட்டான் போலிருக்கிறது. மீதியை, வந்தவன் கேட்ட விதத்தை, ஆனந்தவள்ளியே சொன்னாள்.

"ஏய், நீ பன்னெண்டு பதிவுல இப்படி ஒரு கேட்கற ஆளைப் பார்த்ததுண்டா? தங்கம்டி அது! பேரே இல்லாத பதிவுதானே? குரலைக் கொஞ்சம் மாத்திட்டாப் போச்சு. கியோட்டோக்காரங்க அசந்துபோயிடுவாங்க."

"அவர் அழிக்கச் சொல்லிட்டார், ரஞ்சனி."

"முதல்ல சரின்னு சொன்னாருல்ல?"

"வேற எதுக்கோன்னு நினைச்சு சொன்ன சரி அது."

அழிப்பதற்கு முன் ஒரே ஒரு தடவை கேட்டாள். தப்புதான். ஆனாலும் கேட்டாள். அவனுடைய ஒவ்வொரு 'ம்'மும் காதுக்குள் வந்து உட்கார்ந்தது. கடைசியில் அந்த இடம் வந்தது. 'எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு.' அதற்குப் பிறகு... ஒன்றுமே இல்லை. மௌனம். நாலு நொடிக்கும் மேல். அப்புறம் ரகுராமின் குரல். அப்புறம் கலகலவென்று அவளுடைய சிரிப்பு.

மற்றவர்களின் மௌனத்தை நொடிக்கணக்கில் அளந்து கட்டுரை எழுதுகிறவள் அவள். முன்பின் தெரியாத யாரோ ஒருத்தியாக இருந்து இந்தப் பதிவைக் கேட்டிருந்தால் என்ன எழுதியிருப்பாள்? அவன் நெஞ்சைத் திறந்து காட்டினான், அந்தப் பெண் சிரித்தாள். அவ்வளவுதான். ஆனந்தவள்ளிக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. கன்னத்தைத் துடைத்துக்கொண்டு பதிவை அழித்தாள்.

ரகுராமின் பதிவை வைத்துக் கட்டுரை சுமாராக முடிந்தது. அவன் இருபது நிமிடமும் 'ஓகே மேடம்' என்று ஒன்றைத்தான் சொன்னான்.

திங்கட்கிழமை மூன்று மணி வகுப்பு. ஜப்பானில் வேலைக்குப் போகத் துடிக்கிற இன்ஜினியரிங் பிள்ளைகள். எதிராளி பேசும்போது எப்படித் தலையாட்ட வேண்டும், எங்கே குரல் கொடுக்க வேண்டும் என்று அவள் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"சென்செய், ஒரு டவுட்" என்றாள் முதல் பெஞ்சுப் பெண். டீச்சரை அப்படிக் கூப்பிடுவது ஜப்பானிய வழக்கம். "அவங்க மனசு விட்டு ஒண்ணு சொல்றாங்க. நாம எதுவுமே சொல்லாம விட்டுட்டா என்ன ஆகும்?"

"பிடிக்கலைன்னு நினைச்சுப்பாங்க..." என்றவள் சாக்பீஸோடு அப்படியே நின்றாள்.

"பிடிச்சிருந்தா, சென்செய்?"

"பிடிச்சிருந்தா..." ஆனந்தவள்ளி சாக்பீஸைக் கீழே வைத்தாள். "போயி சொல்லணும். கிளாஸ் முடிஞ்சுது, எல்லாரும் கிளம்புங்க."

சொல்லலாம்... ஆனால் யாரிடம், எங்கே? பெயர் தெரியாது. பெயர் கேட்கக்கூடாது என்று விதி போட்ட மகராசியே அவள்தான். அன்றைக்கு அவன் சட்டைப் பைக்குள் அடையாள அட்டையைத் திணித்திருந்தான். வெளியே தொங்கிய நாடாவில் பொன்மலை ஒர்க்ஷாப் என்று அச்சடித்திருந்தது. பதிவில் கிடைத்த தகவலை ஆராய்ச்சியாளர் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. சரி, ஆனால் நாடா பதிவில் இல்லையே, கண்ணால் பார்த்ததுதானே என்று தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

பொன்மலையில் சாயங்காலச் சங்கு ஊதியதும் ஒர்க்ஷாப் வாசல் திறந்தது. சைக்கிள்கள், பைக்குகள், நடந்து வருகிறவர்கள்... வெள்ளம் போல ஜனம். பாதிப் பேர் நீலச் சட்டை. அவளுக்கு மலைப்பாக இருந்தது.

"யாரைம்மா தேடுற?" வாசலுக்கு எதிரே டீக்கடை போட்டிருந்த வெள்ளையம்மாள் கேட்டாள்.

"ஒருத்தரைங்க... பேர் தெரியாது."

"பேர் தெரியாதா? எந்த ஷாப்பு, எந்தப் பிரிவுல வேலை?"

"அதுவும் தெரியாது. உயரமா இருப்பாரு..."

"நல்லா இருக்கே கதை! ஒரு அடையாளம் சொன்னாத்தானே ஆளைப் புடிக்கலாம்? எனக்குத் தெரியாத ஆளு இந்த வாசல்ல கெடையாது."

அடையாளம் இருந்தது. அப்பா இறந்து அந்த வேலைக்கு வந்தவர், போன வருஷம் பரீட்சை எழுதி ஜூனியர் இன்ஜினியர் ஆனவர் என்று ஒரு வரி சொன்னால் போதும். வெள்ளையம்மாள் டீ ஆற்றுவதற்குள் ஆளைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவாள். அந்த வரி ஆனந்தவள்ளியின் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டாள். பெற்ற அம்மாவிடம்கூடச் சொல்லாததை அவன் அவளிடம் சொல்லியிருக்கிறான். அதை டீக்கடையில் வைத்து விலாசம் விசாரிப்பதா?

"வேற ஒண்ணும் தெரியாதுங்க. நான் நின்னு பார்க்கறேன்."

திங்கள் நின்றாள். ஆறு மணி வரை அவன் வரவில்லை. செவ்வாயும் நின்றாள். தூறலில் துப்பட்டா நனைந்தது, வெள்ளையம்மாள் உள்ளே கூப்பிட்டு ஸ்டூல் போட்டாள். இவ்வளவு பெரிய ஒர்க்ஷாப்புக்கு ஒரே வாசல்தானா, வேறு வாசலும் உண்டா என்ற சந்தேகமே அவளுக்கு அப்போதுதான் வந்தது. உண்டு என்றாள் வெள்ளையம்மாள். புதன்கிழமையும் வந்து இதே வாசலில் நின்றாள். இரண்டு வாசலிலும் நிற்க முடியாதே...

வளவன் வழக்கமாக அந்த மற்ற வாசலில் போகிறவன்தான். ஆனால் ஏதோ ஜப்பான் டீச்சராம், ஒரு பொண்ணு மூணு நாளா மெயின் வாசல்ல நிக்குது என்ற செய்தி கேன்டீன் வரை போய்விட்டது. அவள் முதல் நாளே பேச்சுவாக்கில் வெள்ளையம்மாளிடம் தன் வேலையைச் சொல்லியிருந்தாள். 'ஜப்பான்' என்ற சொல் காதில் விழுந்ததும் அவன் கையிலிருந்த டிபன் பாக்ஸ் நழுவியது. போகக் கூடாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே நேராக அந்த வாசலுக்குத்தான் வந்தான்.

வந்தவன் அவளைத் தூரத்தில் பார்த்ததும் நேராகப் போகவில்லை. வீம்பு! கடையின் மறுபக்கம் போய் நின்று டீ கேட்டான்.

"யாருக்கா அது?"

"யாருக்குத் தெரியும்? மூணு நாளா நிக்குது. யாரைத் தேடுறன்னா பேர் தெரியாதாம், ஷாப்பு தெரியாதாம். அடையாளம் சொல்லும்மான்னா வாயே தொறக்க மாட்டேங்குது. ஏதோ தெரியும்ப்பா அதுக்கு. சொல்லத்தான் மாட்டேங்குது. பாவம், பச்சைத் தண்ணி குடிக்காம நிக்குது."

வளவன் டீயைக் கையிலேயே வைத்திருந்தான். அவளுக்கு என்ன தெரியும் என்பது அவனுக்குத் தெரியுமே. அதைச் சொல்லியிருந்தால் முதல் நாளே ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பாள். மூன்று நாள்... மழையில்... நின்றிருக்கிறாள், அவன் சொன்னதை ஒரு சொல்கூட வெளியே விடாமல்.

டம்ளரை வைத்துவிட்டு அவள் எதிரில் போய் நின்றான். அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். மூன்று நாளாக மனதுக்குள் எழுதி, திருத்தி, மனப்பாடம் செய்து வைத்திருந்த வசனமெல்லாம் எங்கேயோ ஓடிப்போயிற்று.

"அழிச்சிட்டேன்" என்றாள் முதலில். "அன்னிக்கே அழிச்சிட்டேன். யாருக்கும் போட்டுக் காட்டல."

"இப்பத் தெரியுதுங்க."

"நான் உங்களைப் பார்த்துச் சிரிக்கல. சத்தியமா. யாரு, எவருன்னு கேட்காம உங்களுக்கு ரூல்ஸ் போட்டேன் பாருங்க, அந்த என்னை நினைச்சுத்தான் சிரிச்சேன். ஆனா நீங்க அவ்வளவு பெரிய விஷயத்தைச் சொன்ன நேரத்துல சிரிச்சிட்டேன். மன்னிச்சிடுங்க."

"நானும் நின்னு கேட்டிருக்கணும்" என்றான் அவன். "ரோஷம் வந்தா எனக்குக் காது அடைச்சிடும். எங்கம்மா திட்டிக்கிட்டே இருப்பாங்க."

"அந்தப் பொண்ணு... உங்களைப் பார்க்க வரவேண்டிய பொண்ணு..."

"அது அன்னிக்கு வரவே இல்லைங்க. காலையிலயே வரலைன்னு எங்கக்காவுக்கு மெசேஜ் போட்டிருக்கு, அக்கா பார்க்கல. அந்தப் பொண்ணுக்கு மனசுல வேற ஒருத்தர் இருக்காராம்."

ஆனந்தவள்ளி பெருமூச்சு விட்டாள். அது வளவன் காதில் நன்றாகவே விழுந்தது. அவன் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"எங்கப்பா விஷயத்தைச் சொல்லியிருந்தா திங்கட்கிழமையே ஆளைப் பிடிச்சிருக்கலாமே?"

"அது நீங்க என்கிட்ட சொன்னதுங்க. ஊருக்குச் சொன்னது இல்ல."

சுற்றிலும் பைக்குகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. தெரிந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் விசிலடித்தான். வெள்ளையம்மாள் 'போடா அந்தாண்ட' என்று அவனை விரட்டினாள்.

"மன்னிப்புக் கேட்க மட்டும்தான் வந்தீங்களா?" என்றான் வளவன். "இல்ல... அன்னிக்குக் கேட்டதை நான் இன்னொரு தடவை கேட்கணுமா?"

"கேட்க வேண்டாம்." அவள் ஓர் அடி முன்னால் வந்தாள். கண்கள் விலகவில்லை. "நான் சொல்றேன். உங்க ஊரு என்ன, சம்பளம் என்ன, எதுவும் எனக்கு வேண்டாம். இத்தனை வருஷமா ஊரெல்லாம் பேசறதையும் கேட்கறதையும் பதிவு பண்றேன். என் மனசு விட்டு நான் பேசினது அந்தப் பத்து நிமிஷம்தான். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப... ரொம்பப் பிடிச்சிருக்கு. வீட்ல வந்து பேசச் சொல்லுங்க."

அடுத்த நொடி கடைக்குள்ளிருந்து வெள்ளையம்மாள் குரல் கொடுத்தாள். "ஏம்ப்பா வளவா, மரம் மாதிரி நிக்கிறியே! அந்தப் பொண்ணு தைரியமா சொல்லிடுச்சுல்ல? ஏதாவது சொல்லேன்!"

வளவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான்.

"ஞாயித்துக்கிழமை அம்மாவையும் அக்காவையும் கூட்டிட்டு வரேன். அதுக்கு முன்னாடி... உங்க பேரைச் சொல்லுங்க. வீட்ல போயி யாரைக் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்னு சொல்றது?"